ஸ்கேன் ஆன நூல் ஏன் திறப்பதில்லை?

இணையத்தில் ஒரு பழைய நூலைத் தேடினால் பெயர் வருகிறது, அட்டை வருகிறது, பக்க எண்ணிக்கைகூட வருகிறது. நூல் மட்டும் வருவதில்லை. பல நேரங்களில் அந்த நூல் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஸ்கேன் செய்யப்பட்டு ஏதோ ஒரு சர்வரில் இருக்கும். அதைக் காட்டலாமா என்பதைத் தீர்மானிப்பது தொழில்நுட்பம் அல்ல. ஆசிரியர் எப்போது இறந்தார், நூல் எப்போது வெளியானது, வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்ற மூன்று கேள்விகள்தான்.

கூகுள் நிறுவனம் 2004இல் மிச்சிகன், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழக நூலகங்களுடன் சேர்ந்து நூல்களை அலமாரி அலமாரியாக ஸ்கேன் செய்யும் திட்டத்தை அறிவித்தது. பதிப்புரிமை முடிந்த நூல்களோடு முடியாதவையும் அதில் சேர்ந்தன; எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்கப்படவில்லை. மறு ஆண்டே அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஸ்கேன் ஆனவை 2 கோடியைத் தாண்டியிருந்தன. தேடுவதற்காக நூலை ஸ்கேன் செய்து சில வரிகளைக் காட்டுவது நியாயமான பயன்பாடுதான் என்றது நீதிமன்றம். 2016இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

அந்தச் 'சில வரிகளுக்கு' கறாரான கணக்கு உண்டு. பொதுவாக ஒரு பக்கம் எட்டுத் துண்டுகளாகப் பிரிக்கப்படும். தேடிய சொல் வரும் துண்டுகளில் அதிகபட்சம் மூன்று தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டும், பத்துப் பக்கத்துக்கு ஒரு முழுப் பக்கமும் எதைத் தேடினாலும் தெரியாது. சொல்லை மாற்றி மாற்றித் தேடி முழு நூலையும் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போடும் கெட்டிக்காரர்களுக்கான ஏற்பாடு அது.

இந்த வழக்கின் நடுவில் 2008இல் ஒரு சமரசம் எட்டப்பட்டது. உரிமை முடியாத, ஆனால் கடையில் கிடைக்காத நூல்களைக் கட்டணத்துக்கு முழுமையாகத் திறந்து, வருமானத்தை உரிமையாளர்களுடன் பகிர்வது என்பது திட்டம். 2011இல் நீதிபதி டென்னி சின் அதை நிராகரித்தார். உரிமையாளர் யாரென்றே தெரியாத நூல்கள் ஒரே நிறுவனத்தின் பிடிக்குப் போய்விடும் என்பது அவர் கூறிய காரணங்களில் ஒன்று. காரணம் சரிதான். ஆனால் அந்த நூல்களுக்கு மாற்றுவழி எதையும் அமெரிக்க நாடாளுமன்றம் செய்துதரவில்லை. கடையிலும் இல்லை, திரையிலும் இல்லை என்ற நிலையிலேயே அவை நின்றுவிட்டன.

உரிமைக் காலம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 1978க்கு முன் வெளியான நூல்களுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு வரை உரிமை நீடிக்கலாம். இந்தியாவில் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு. முன்பு இது 50 ஆண்டாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு 1991 முடிவில் உரிமை தீரவிருந்த நேரத்தில், அவற்றின் உரிமையை வைத்திருந்த விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தை முன்னிட்டு 10 ஆண்டு கூட்டப்பட்டது. ஒருவருக்காகச் செய்த திருத்தம் நாட்டின் எல்லா எழுத்தாளர்களுக்கும் ஆனது. பிரிட்டனிலும் இலங்கையிலும் 70 ஆண்டு.

ஜார்ஜ் ஆர்வெல் 1950இல் இறந்தார். அவருடைய '1984' நாவல் இந்தியாவில் 2011 முதலும் பிரிட்டனில் 2021 முதலும் பொதுச்சொத்து. அமெரிக்காவில் 2044 முடியும்வரை உரிமையுள்ள நூல். 2009 ஜூலையில், அமெரிக்க உரிமை இல்லாத ஒரு விற்பனையாளர் வழியாக வந்த அந்நாவலின் மின்பதிப்பை அமேசான், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. கண்காணிப்பு அரசைப் பற்றிய நாவலுக்கா இது நேர வேண்டும் என்று உலகமே கேலி செய்தது. நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார்.

இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் வேறு வழியில் முயன்றது. கையில் உள்ள ஒவ்வோர் அச்சுப் பிரதிக்கும் ஒரு மின்பிரதி. ஒருவர் திருப்பிய பிறகே அடுத்தவருக்கு. 2020 மார்ச்சில், கொரோனாவால் நூலகங்கள் மூடியிருந்தபோது இந்தக் காத்திருப்பு தளர்த்தப்பட்டது. ஜூனில் ஹாஷெட் உள்ளிட்ட நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. தளர்வு மட்டுமல்ல, ஒன்றுக்கு ஒன்று என்ற இரவல் முறையே சட்டவிரோதம் என்று 2023இலும், மேல்முறையீட்டில் 2024இலும் தீர்ப்பு வந்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவலிலிருந்து நீக்கப்பட்டன.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், வணிக நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமிக்க இடம் தருகிறது. சேமிக்கலாம் என்பதாலேயே இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று ஆகாது. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் மாற்றித் தருவதற்கு மட்டும் அதே திருத்தம் தாராளமாக வழிவிட்டது.

தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற வழியும் இருக்கிறது. அரசு எழுத்தாளரின் மரபுரிமையர்களுக்கு ஒரு தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்குகிறது. பாரதியின் படைப்புரிமையை 1949இலேயே சென்னை மாகாண அரசு வாங்கியது இதற்கு முன்னோடி. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் நூல்கள் சட்டப்படி 2009இல்தான் பொதுவாகியிருக்கும், 2002இலேயே நாட்டுடைமையாயின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர் பலரை இலவசமாகத் தர முடிவதற்கு இது முக்கியக் காரணம். பிற மொழியினர் பார்த்துப் பின்பற்றத்தக்க ஏற்பாடு இது.

வாசகர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் உரையும் மொழிபெயர்ப்பும். சங்கப் பாடலுக்கு உரிமையாளர் யாரும் இல்லை. அதற்கு இன்றைய அறிஞர் எழுதிய உரைக்கு உண்டு. டால்ஸ்டாய் பொதுச்சொத்து, அவரைத் தமிழாக்கியவரின் எழுத்துக்குத் தனி உரிமை, தனிக் காலக்கணக்கு. ஓர் இந்திய நூல் எப்போது திறக்கும் என்று அறிய, ஆசிரியர் இறந்த ஆண்டோடு 61ஐக் கூட்டிக்கொள்ளலாம்: 1965இல் மறைந்தவரின் நூல்கள் 2026 ஜனவரி 1 முதல் பொது. ஆசிரியர் மறைந்தபின் முதன்முதலாக அச்சேறிய நூலுக்கு மட்டும், வெளியான ஆண்டிலிருந்து எண்ண வேண்டும்.