திறந்தமூல மென்பொருள்: "எங்கே தொடங்குவது?" என்று முழிப்பவர்தான் வழிகாட்டியைச் சரிசெய்ய ஏற்றவர்

கணினியில் ஃபயர்ஃபாக்ஸ், வீடியோ பார்க்க விஎல்சி, கட்டுரை எழுத லிப்ரே ஆஃபிஸ்... நாம் அன்றாடம் பயன்படுத்தும் பல மென்பொருள்களின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

சிங்கப்பூர் அரசாங்க அமைப்புகளின் இணையப் படிவங்களை நிரப்பியிருப்பீர்கள். அவற்றை உருவாக்க உதவும் ஃபார்ம்எஸ்ஜி மென்பொருளின் நிரலும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது.

இவற்றைத்தான் ஓப்பன் சோர்ஸ், அதாவது திறந்தமூல மென்பொருள் என்கிறோம். பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை. பிழையைத் திருத்தலாம், புதிய வசதியைச் சேர்த்து அனுப்பலாம்.

"சரி, நானும் ஏதாவது செஞ்சு பார்க்கிறேன்" என்று ஆர்வத்தோடு போகும் சிலர் முதல் நாளே திரும்பிவிடுவதுண்டு. நிரல் எழுதத் தெரியாமல் அல்ல. மென்பொருளைத் தங்கள் கணினியில் ஓடவைக்கும் கட்டத்தையே தாண்ட முடியாமல்!

வழிகாட்டி என்று எதைச் சொல்கிறோம்?

பல திறந்தமூலத் திட்டங்களில் இரண்டு கோப்புகள் இருக்கும்.

- ரீட்மீ: இந்த மென்பொருள் எதற்கு, எப்படி நிறுவுவது என்று சொல்லும் முதல் பக்கம்.
- கான்ட்ரிபியூட்டிங்: நீங்கள் பங்களிக்க விரும்பினால் நிரலை எப்படி எடுப்பது, எப்படிச் சோதிப்பது, மாற்றத்தை எங்கே அனுப்புவது, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று சொல்வது.

இரண்டாவது கோப்பு தெளிவாக இல்லையென்றால் புதியவருக்குக் கதவு திறந்திருந்தும் உள்ளே போக வழி தெரியாது.

அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். கிட்ஹப் 2017-இல் நடத்திய திறந்தமூலக் கருத்தாய்வில் சுமார் 5,500 பேர் கலந்துகொண்டனர். வழிகாட்டிகள் முழுமையாக இல்லை அல்லது குழப்பமாக உள்ளன என்பதை ஒரு பிரச்சினையாகக் கண்டதாக 93 விழுக்காட்டினர் கூறினர்.

ஆனால் அதே கருத்தாய்வில், வழிகாட்டி எழுதும் வேலைக்கு அரிதாகவே பங்களிப்பதாக அல்லது பங்களிப்பதே இல்லை என்று 60 விழுக்காட்டினர் தெரிவித்தனர்.

எல்லாருக்கும் தெரிந்த குறைதான். கைவைப்பவர்கள் குறைவு.

ஏன் இப்படி?

பாட்டியிடம் ரசம் வைப்பது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "புளி கொஞ்சம் கரைச்சுக்கோ, நுரை கட்டினதும் இறக்கிடு" என்பார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? பாட்டி எதையும் மறைக்கவில்லை. பல வருடம் செய்த கைக்கு அளவு தேவைப்படுவதில்லை, அவ்வளவுதான்.

மென்பொருளை உருவாக்கியவர்களும் அப்படித்தான். அவர்கள் கணினியில் தேவையான எல்லாம் எப்போதோ நிறுவப்பட்டுவிட்டன. அதனால் வழிகாட்டியில் சில விஷயங்கள் விடுபட்டுப்போகும்:

- "இதற்கு முன் இன்னொரு மென்பொருளை நிறுவ வேண்டும்" என்ற ஒரு வரி.
- எந்தப் பதிப்பு வேண்டும் என்ற தகவல்.
- விண்டோஸ் பயன்படுத்துபவருக்கு வேறு கட்டளை தேவை என்ற குறிப்பு.
- சரியாகச் செய்திருந்தால் திரையில் என்ன தெரியும் என்ற விளக்கம்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். அது இல்லையென்றால், தவறு தன் மேலா, வழிகாட்டி மேலா என்று புதியவரால் கண்டுபிடிக்க முடியாது. "எனக்குத்தான் தெரியலை போல" என்று அமைதியாக வெளியேறிவிடுவார். போனவர் ஏன் போனார் என்பது திட்டத்தை நடத்துபவர்களுக்குத் தெரியவே தெரியாது.

நல்ல வழிகாட்டி எப்படி இருக்கும்?

ஜாங்கோ நல்ல எடுத்துக்காட்டு. இணையத்தளங்களை உருவாக்கப் பயன்படும் இந்த மென்பொருள், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் உள்ள ஒரு நாளிதழ் அலுவலகத்தில் 2003-இல் பிறந்தது. 2005-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியானது.

முதன்முறை பங்களிப்பவர்களுக்கு அது தனிப் பாடமே வைத்திருக்கிறது. அதில் வருவது ஒரு கற்பனைக் கோரிக்கை. எண் 99999. கோரிக்கை என்ன தெரியுமா? "டோஸ்ட் போடும் வசதி வேண்டும்!"

விளையாட்டாகத் தெரியும். ஆனால் புதியவர் அதை வைத்து நிரலை இறக்குவது, சோதிப்பது, புதிய வரிகளை எழுதுவது, அதற்கான விளக்கத்தைச் சேர்ப்பது என்று எல்லாப் படிகளையும் ஒருமுறை செய்து பழகிவிடுகிறார். உண்மையான மென்பொருளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

இன்னொரு விஷயம். எதையும் மாற்றுவதற்கு முன் சோதனைகளை ஓடவிடச் சொல்கிறது அந்தப் பாடம். நீங்கள் இன்னும் எதையும் மாற்றவில்லை, ஆகவே எல்லாச் சோதனைகளும் வெற்றிபெற வேண்டும். இல்லையென்றால் முந்திய படிகளைச் சரிபாருங்கள் என்கிறது. தாம் சரியான இடத்தில்தான் நிற்கிறோமா என்பது புதியவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏஐ-யிடம் கேட்டால் போதாதா?

உங்கள் கணினியில் வரும் பிழைக்கு அது விடை சொல்லக்கூடும். ஆனால் திட்டத்தை நடத்துபவர்கள் எங்குமே எழுதிவைக்காத வழக்கங்கள் அதற்குத் தெரிய வழியில்லை. மேலும், விடை உங்கள் உரையாடலோடு நின்றுவிடும். அடுத்து வருபவர் அதே இடத்தில் மாட்டிக்கொள்வார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. மாட்டிக்கொண்ட இடத்தை உடனே எழுதிவையுங்கள். எந்தப் படி, என்ன கட்டளை, திரையில் என்ன பிழை வந்தது, எப்படிச் சரியானது என்று நான்கு வரி போதும்.
2. ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் புதிய பதிவாகத் தெரிவியுங்கள்.
3. ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் அனுப்புங்கள். ஏன் இந்த மாற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "மூன்றாம் படியில் பைத்தன் பதிப்பு குறிப்பிடப்படவில்லை, பழைய பதிப்பில் இந்தப் பிழை வந்தது" என்றால் ஏற்பது எளிது.
4. எளிய சொற்களில் எழுதுங்கள். அதே 2017 கருத்தாய்வின்படி, பங்கேற்றவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் மிக நன்றாக எழுதப் படிக்க வராது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்த உங்களுக்கு எந்த வாக்கியம் தடுக்கும் என்பது சட்டென்று தெரியும்.

ஒரு விஷயத்தில் கவனம்

ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில், 2020-இல் நான்கு மாற்றங்கள் அனுப்பினால் டி-சட்டை கிடைக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. என்ன நடந்தது? ரீட்மீ கோப்பின் தலைப்பில் "அற்புதமான திட்டம்" என்று இரண்டு வார்த்தை சேர்த்து அனுப்பியவர்கள் ஏராளம்!

திட்டங்களை நடத்துவோரில் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள். குப்பையை அகற்றவே அவர்கள் நேரம் போனது. அக்டோபர் 3ஆம் தேதியே விதி மாற்றப்பட்டது. நிகழ்ச்சியில் சேர ஒப்புக்கொண்ட திட்டங்களுக்கு அனுப்பும் மாற்றங்கள் மட்டுமே கணக்கில் சேரும் என்றானது.

ஆகவே அனுப்பும் முன் ஒரே கேள்வி: இந்த வரி நேற்றே இருந்திருந்தால் எனக்கு உதவியிருக்குமா? ஆம் என்றால் தயங்காமல் அனுப்பலாம்.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரம் பழகிவிட்டால் எந்த இடத்தில் தடுமாறினோம் என்பது உங்களுக்கே மறந்துவிடும். பிறகு நீங்களும் "புளி கொஞ்சம் கரைச்சுக்கோ" என்றுதான் சொல்வீர்கள்.