புதுக்கோட்டைக்கு எத்தனை டாக்?

குழந்தைக்கான தூக்கப்பை ஒன்றை வாங்கினால், அதன் கழுத்தோரச் சீட்டில் 0.5, 1.0, 2.5 என்று ஏதேனும் ஓர் எண் இருக்கும். பக்கத்தில் 'டாக்' என்று ஓர் அலகு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பையின் நிறத்தையும் அதிலிருக்கும் யானைப் படத்தையும்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இந்த எண்ணை. துணி எவ்வளவு வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்பதற்கான அளவு அது. 1940-களில் மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி நெசவு ஆய்வு நிறுவனம் வகுத்தது. ஒரு சதுர மீட்டர் துணியின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருக்கையில் 100 வாட் வெப்பம் கடந்துபோனால் அந்தத் துணி ஒரு டாக். 50 வாட்தான் கடக்கிறது என்றால் இரண்டு டாக். வழக்கமாகத் தரப்படும் அட்டவணைப்படி 2.5 டாக் பை 16 முதல் 20 டிகிரி வரையுள்ள அறைக்கு, 1.0 டாக் 20 முதல் 24 வரை, 0.5 டாக் 24 முதல் 27 வரை. இனி புதுக்கோட்டைக்கு வருவோம். மார்கழி, தை மாத விடியற்காலையில் இங்கே வெப்பம் 20 டிகிரியைச் சுற்றி நிற்கும், அதுவும் வெட்டவெளியில். வீட்டுக்குள் அதைவிடக் கூடுதல். குழந்தை தூங்கும் அறைக்கு ஏற்றது என்று இங்கிலாந்தில் சொல்லும் 16 முதல் 20 டிகிரியை நம் வீடுகள் ஆண்டு முழுவதிலும் ஏதோ சில இரவுகளில் எட்டிப் பார்த்தால் உண்டு. சித்திரையில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு முழுக்க வெப்பத்தை அறைக்குள் இறக்கும்போது அந்த அட்டவணையில் நமக்கு இடமே இல்லை.

அப்படியிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பெட்டிகளில் இந்தப் பைகள் அறந்தாங்கிக்கும் ஆலங்குடிக்கும் வந்து சேர்கின்றன. இணையக் கடைகளும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகின்றன. கூடவே 'பை நல்லதா, போர்வை நல்லதா' என்ற கேள்வியும் வருகிறது. குளிர் நாட்டில் அது சரியான கேள்வி. அங்கே ஏதாவது ஒன்று இல்லாமல் முடியாது. நம் ஊரில் நன்றாக எடை ஏறிவரும் குழந்தைக்கு ஆண்டின் பெரும்பகுதி இரண்டுமே வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. ஆனால் பையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அது ஏன் பிறந்தது என்று பார்த்தால் நமக்குப் பயன்படும் ஒரு யோசனை அதற்குள் இருக்கிறது.

மேலை நாடுகளில் ஒரு தலைமுறைக்கு மேலாகக் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைத்துத் தூங்கவிட்டார்கள். எந்த நோயும் இல்லாத குழந்தை காலையில் இறந்துகிடக்கும் 'திடீர்ச் சிசு மரணம்' அங்கே ஆயிரக்கணக்கில் நிகழ்ந்தது. 1991 இறுதியில் இங்கிலாந்திலும், 1992 முதல் அமெரிக்காவிலும் 'மல்லாக்கப் படுக்கவையுங்கள்' என்று சொல்லத் தொடங்கிய பத்தாண்டுக்குள் அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மிச்சமிருந்த மரணங்களை ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த கணக்கு ஒன்றில், இறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றின் தலை போர்வைக்குள் மூடிக்கிடந்தது. ஒப்பிட்டுப் பார்த்த உயிரோடிருக்கும் குழந்தைகளில் அப்படி இருந்தவை நூற்றுக்கு மூன்றுதான். குழந்தை காலை உதைத்து உதைத்துப் போர்வையை மேலே ஏற்றிக்கொள்கிறது, அல்லது தானே கீழே நழுவி அதற்குள் போய்விடுகிறது. கையிருந்தும் முகத்தில் கிடக்கும் துணியை விலக்கத் தெரியாத வயது. இதற்கு விடையாகத்தான் பை பரவலாயிற்று: கழுத்துக்கும் கைகளுக்கும் ஓட்டை, முன்னால் ஒரு ஜிப், கால் உதைக்கக் கீழ்ப்பகுதியில் அகலம், தலைமூடி கிடையாது. துணி மேலே ஏறி முகத்துக்கு வர வழியில்லை. பை மரணத்தைத் தடுக்கிறது என்று நேராக நிறுவிய சான்று அதிகமில்லை. நெதர்லாந்தில் 1998-இல் வந்த ஓர் ஆய்வு, பருத்திப் பையில் தூங்கிய குழந்தைகளுக்கு ஆபத்து குறைவு என்று கண்டது, அதன்பின் வந்த மதிப்பீடுகள் மற்ற விரிப்புகளைவிடப் பை மோசமில்லை என்ற அளவில் நின்றன. தளர்வான போர்வையைவிட அது மேல் என்று ஏற்க இவ்வளவு போதும்.

இதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன: சூடு தருவது ஒன்று, முகத்துக்கு ஏறாமல் இருப்பது மற்றொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவது நமக்குக் கெடுதல்கூட. துணி தானாகச் சூடு தருவதில்லை. குழந்தையின் உடல் உண்டாக்கும் வெப்பம் வெளியேறுவதை, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றைக் கொண்டு அது தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. பால் குடித்து வளரும் குழந்தையின் உடல் இடைவிடாமல் வெப்பத்தை உண்டாக்கியபடி இருக்கிறது; வியர்த்துக் குளிரும் திறன் மட்டும் இன்னும் முழுதாய் வரவில்லை. உடம்பெல்லாம் மூடிய குழந்தைக்கு வெப்பம் வெளியேற மிஞ்சும் வாசல் தலைதான். அந்தத் தலையிலும் குல்லாவை மாட்டி, கம்பளியைச் சுற்றி, ஜன்னலையும் சாத்திவிட்டால் வெப்பம் போக இடமில்லை. கழுத்து மடிப்பில் வேர்க்குரு வருவது அதன் முதல் புகார். முகம் சிவந்து, பிடரி நனைந்து, குழந்தை சிணுங்குவது அடுத்தது. வடக்கு கலிபோர்னியாவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று, மின்விசிறி ஓடும் அறையில் தூங்கிய குழந்தைகளுக்குத் திடீர் மரண ஆபத்து 72 சதவீதம் குறைவாக இருந்தது என்றது. ஒரே ஓர் ஆய்வு, அதிலும் தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. அதைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 'பச்சைப் பிள்ளைக்குக் காத்தாடி ஆகாது' என்று விசிறியை அணைத்துவிட்டு வேர்க்கவைப்பதற்கு அது எந்த வகையிலும் ஆதரவாக இல்லை. தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015-இல் தொடங்கிய 16 பொருள் பெட்டகத்தில் என்னென்ன வைத்தார்கள் என்று பாருங்கள்: துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம். கம்பளி கிடையாது. நம் ஊரில் போர்வை செய்யும் வேலைகளில் பாதி கொசுவை விரட்டுவதுதான். அதற்கு வலை போதும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சூடான நாட்டிலும் குழந்தைகள் குளிர்ந்துபோய் இறப்பதில்லையா? இறக்கின்றன; இதை இலேசாக எண்ணக் கூடாது. பிறந்த குழந்தை தாயின் 37 டிகிரியிலிருந்து ஈரத்தோடு வெளியே வருகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது 30 டிகிரி அறையில்கூட உடல் வெப்பம் மளமளவென்று இறங்கும். எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. குளிர்ந்தால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. பழுப்புக் கொழுப்பு என்ற சிறு சேமிப்பை எரித்துத்தான் சமாளிக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தச் சேமிப்பும் குறைவு. அதனால்தான் அக்குளில் 36.5 முதல் 37.5 வரை இருக்க வேண்டும், பிறந்தவுடன் துடைக்க வேண்டும், ஒரு நாளாவது கழியும்வரை குளிப்பாட்டக் கூடாது என்றெல்லாம் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. (குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதால் தலை காய்கிறது என்பார்கள். துண்டால் துடைத்தாலே காயும். புகை நுரையீரலுக்கு வேண்டாத சுமை.)

இந்தக் குழந்தைகளுக்கு இந்தியாவில் பை உண்மையாகவே உதவியிருக்கிறது, ஆனால் அது வேறு வகைப் பை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங்கும் ராணி பங்கும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கும் முறையை 39 ஊர்களில் நடத்திப் பார்த்தார்கள். பணியாளர் கையில் இருந்த பொருள்களில் குழந்தைக்கான தூக்கப்பையும் ஒன்று. பச்சிளம் குழந்தை மரணம் மூன்றாம் ஆண்டில் 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அந்தப் பெருமையில் கணிசமான பங்கு நோய்த்தொற்றுக்குக் கொடுத்த மருந்துக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று 'எம்ப்ரேஸ்'. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 2007-இல் வகுப்புப் பணியாகத் தொடங்கி, பெங்களூரில் நிறுவனம் வைத்து, 2011-இல் இந்தியாவில் அறிமுகப்படுத்திய பை. அதன் முதுகுப் பகுதியில் மெழுகு போன்ற பொருள் அடைத்த ஓர் உறை. சூடாக்கி உருக்கி வைத்தால், மறுபடி இறுகும் வரை சில மணி நேரம் 37 டிகிரியிலேயே நிற்கும். உருகுநிலையில் பொருளின் வெப்பநிலை மாறாது என்று பள்ளியில் படித்த பாடம்தான் இது. ஆனால் இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி, 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறை: எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் ஒட்ட வைத்திருப்பது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியதால் முதல் 28 நாள் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. புதுக்கோட்டை ராணியார் மருத்துவமனையிலிருந்து ஆட்டோவில் கறம்பக்குடிக்குப் போகும் இரண்டு கிலோ குழந்தைக்கு எந்தப் பையையும் தேட வேண்டியதில்லை. தாயின் மார்பும் மேலே ஒரு சுற்றுச் சேலையும் தலைக்கு ஒரு குல்லாவும் போதும்.

ஆக, ஒரே வீட்டில் ஒரே குழந்தைக்கு இரண்டு விதிகள். முதல் சில வாரமும் எடை குறைவும் இருக்கும்போது பயம் குளிரைப் பற்றி. எடை ஏறி நிமிர்ந்தபின் பயம் புழுக்கத்தைப் பற்றி. எது எப்போது என்று தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம். புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லிச் செவிலியர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள்: இரண்டும் இளஞ்சூடு என்றால் சரி, வயிறு சூடு, பாதம் சில்லென்றால் குழந்தை குளிரோடு போராடுகிறது, இரண்டும் சில்லென்றால் மார்போடு அணைத்தபடி உடனே மருத்துவமனைக்கு. பாதம் சில்லிட்டிருப்பதைப் பார்த்து மூன்று மாதக் கொழுகொழு குழந்தைக்கும் ஸ்வெட்டர் மாட்டுவதுதான் பிழை. அந்த வயதில் கைகால் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. மார்பையும் பிடரியையும் தொட்டு முடிவெடுக்க வேண்டும்.

மார்கழிப் பனி ஆகாதே என்பார்கள். அந்தச் சில வாரங்களுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்று கூடுதலாகப் போட்டால் முடிந்தது. ஏசி அறை வேறு விஷயம்: 2020 முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன, அதை மாற்றாமல் விட்டாலே 0.5 டாக் பைக்குப் பொருத்தம் வந்துவிடுகிறது. 18-க்கு இறக்கிவிட்டுக் கம்பளியைத் தேடுவது மின்வாரியத்துக்கு மட்டும் நல்லது.

தூளியைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் குழந்தைத் தூக்கத்தைப் பேசி முடிக்க முடியாது. வெப்பக் கணக்கில் தூளிக்கு நல்ல மதிப்பெண்: பழைய நூல் சேலை ஒரு மடிப்பு, மெல்லிய பருத்தி, அடியிலிருந்தும் காற்று; பஞ்சு மெத்தையில் கிடப்பதைவிட உடல் எளிதாகக் குளிரும். குழந்தையும் மல்லாந்தே கிடக்கும். ஆனால் மூச்சுக் கணக்கு வேறு. சேலை வளைவதால் பச்சைக் குழந்தையின் மோவாய் மார்பில் படிந்து மூச்சுக்குழல் ஒடுங்கலாம். பக்கங்கள் மேலே கூடி முகத்தை மூடலாம். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டுத் தடுத்ததற்கு இதே மோவாய்க் காரணம் உண்டு. தூளியை மனத்தில் வைத்து எழுதிய சட்டமில்லை, ஆனால் உடற்கூறு ஒன்றுதான். சேலையை விலக்கிவைக்கக் குறுக்கே ஒரு கட்டை கொடுப்பதும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் தூளியில் விடுவதும், தூங்கியபின் கோரைப்பாயில் ஒரு மடிப்புத் துணி விரித்து மாற்றிப் படுக்கவைப்பதும் நியாயமான சமரசம். உறுதியான, சமதளமான படுக்கை என்று உலகம் முழுக்கக் கேட்கிறார்களே, கோரைப்பாய் அதற்கு ஒரு பைசா குறைவில்லை. சற்று வளர்ந்த பிள்ளைகள் தூளியில் விளையாடிச் சேலை கழுத்தில் இறுகிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன; வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவது நல்லது.

இந்தத் திடீர் மரணமெல்லாம் நம் ஊரில் இல்லையே என்ற மறுப்புக்கு முழுப் பதில் எவரிடமும் இல்லை. அந்தப் பெயரை எழுத உடற்கூறாய்வு வேண்டும், குழந்தை படுத்திருந்த இடத்தை ஆராய வேண்டும். வீட்டில் இறந்த கைக்குழந்தைக்கு நாம் அதைச் செய்வது அரிது. எண்ணப்படாததை இல்லை என்று சொல்லிவிட முடியாது, வெளிநாட்டு எண்ணை அப்படியே நமக்குப் பொருத்தவும் முடியாது. ஆகவே இந்தக் கட்டுரை சாவுக் கணக்கை நம்பி நிற்கவில்லை. 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊருக்கு 16 டிகிரிக்கான துணி எதற்கு என்ற கணக்கே போதும்.

ஏற்கெனவே பரிசாக வந்துவிட்ட பை இருந்தால் டாக் எண்ணுக்கு அடுத்து எடையைப் பார்க்க வேண்டும். பல பைகளுக்குக் குறைந்தபட்ச எடை 4 கிலோ அளவில் குறித்திருப்பார்கள். அதற்குக் குறைந்த குழந்தை கழுத்து ஓட்டை வழியே உள்ளே நழுவக்கூடும். நம் குழந்தைகள் சராசரியாக மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிறக்கின்றன. பேர் வைக்கும் நாளில் கைக்கு வரும் பையைப் போட ஒன்றரை, இரண்டு மாதமாவது காத்திருக்க வேண்டும், 2.5 என்று அச்சிட்டிருந்தால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.