பிள்ளைக்காம்பராவில் தாளம்

கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கு மேல் உயர்ந்த கந்தப்பளைத் தோட்டங்களில், தாய்மார் கொழுந்தெடுக்கச் சென்றபின் சிறு குழந்தைகள் பொழுதைக் கழிப்பது பிள்ளைக்காம்பராவிலே. இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையமென்று பெயர். குளிருக்கு அஞ்சிக் குழந்தையைப் போர்த்தி ஓரிடத்தில் இருத்திவைத்தல் அன்பினாற் செய்யப்படும் பிழையாகும்.

கும்மியும் கோலாட்டமும் நம் லயங்களுக்குப் புதியனவல்ல. கோலாட்டத்தில் கண் தூரத்தை அளக்கின்றது. கை விசையை அடக்குகின்றது. கால் உடற்பாரத்தை மாற்றுகின்றது. இவற்றை ஒருங்கிணைப்பதிற் சிறுமூளைக்குப் பெரும்பங்குண்டு. அடுத்த அடி எப்பொழுது விழுமெனத் தாளம் முன்னரே உணர்த்துதலால் உடலும் முன்னரே ஆயத்தமாகின்றது.

எனினும், மூன்று வயதுப் பிள்ளை நமது விளம்ப காலத்துக்கு இசைவதில்லை. அதன் இயல்பான தாளம் நம்முடையதினும் விரைவானது. இதனை அறியாத பெரியோர் 'தாளம் வராத பிள்ளை' என்று ஒதுக்கிவிடுகின்றனர்! முதலிற் பிள்ளையின் நடைக்கேற்ப ஆசிரியையே தட்டுதல் வேண்டும். பழகியபின் தட்டைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தினால், பிள்ளை தானே தொடரும். கும்மியின் கைத்தட்டு முதலில். கோல்கள் ஐந்து வயதளவில் வரட்டும்.

சுவிற்சர்லாந்து இசையாசிரியர் எமில் ஜாக் டால்குரோஸ் (1865–1950) மாணவரை நடக்கவிட்டே தாளம் உணர்த்தினார். அவருக்குப் பியானோ இருந்தது. நமக்கு ஒரு வெறும் பால்மாத் தகரமே போதும். அதன் விளிம்பு கையைக் கிழிக்காதிருக்கின்றதா என்று மட்டும் பார்த்துக்கொள்க.