மின்சாரமும் கடைகளும் நின்றுபோனால்: வீட்டில் இருக்க வேண்டிய சிறு பொருட்கள்

ஆளியை அழுத்தினால் வெளிச்சம் வரும், குழாயைத் திறந்தால் நீர் வரும் என்பது இந்நாட்டு வாழ்க்கையின் சாதாரண எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு பொய்க்கும்போது எந்தப் பொருட்களின் இன்மை முதலில் வருத்தும் என்பதை எட்மண்டனில் வாழும் இலங்கைத் தமிழர் பலர் நேரில் அறிந்தவர்கள். அந்த அனுபவத்தையும் இன்றைய அரச ஆலோசனைகளையும் இணைத்து, ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய ஆயத்தத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

யாழ்ப்பாணத்தில் இல்லாமற்போனவை

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றறி, சீமெந்து, உரம் முதலியவற்றைக் கொண்டுசெல்லத் தடை வந்தது; மருந்துகளும் கட்டுப்படுத்தப்பட்டன. நெல்லும் மரக்கறியும் விளைந்த மண்ணில் மக்களை நாள்தோறும் வாட்டியவை மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி, மருந்து, எழுதுதாள் ஆகியவற்றின் தட்டுப்பாடே.

ஒவ்வொன்றுக்கும் மாற்று தேடப்பட்டது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரி நிறுத்திய விளக்கில் ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். பனம்பழக் களியால் துணி தோய்த்தனர். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினர். பத்திரிகைகள் கொப்பித்தாளிலும் அச்சாகின. மருந்துக்கு மட்டும் இத்தகைய மாற்று எளிதில் கிடைக்கவில்லை.

1995 அக்டோபர் 30 அன்று வலிகாமம் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, சைக்கிளில் ஏற்றக்கூடியதே பலருக்குக் கைப்பொருளாயிற்று. பிறப்பத்திரத்தையும் காணி உறுதியையும் பையில் வைத்திருந்தவர்களுக்குப் பின்னாளில் தம் உரிமையை நிறுவுவது இலகுவாயிற்று. அவற்றை இழந்தவர்கள் பல ஆண்டுகள் அலைய நேர்ந்தது.

போர் இல்லாத காலத்திலும்

இத்தகைய நிலை வரப் போர் வேண்டியதில்லை. 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது சமையல் எரிவாயு, பால்மா, பெற்றோல், மருந்து ஆகியவற்றுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். கடதாசி இல்லாததால் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் மின்சாரம் ஒரே வேளையில் அறுந்தது. ரயில்கள் நின்றன, வங்கி அட்டைகள் பயனற்றுப்போயின, கைத்தொலைபேசி வலையமைப்பு தளர்ந்தது. கையில் காசும் பற்றறி வானொலியும் இருந்தவர்கள் ஓரளவு நிம்மதியாக இருந்தனர்.

எட்மண்டனில் எதற்கு ஆயத்தமாக வேண்டும்

சமூகமே குலைந்துபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ மின்சாரம் அல்லது நீர் நிற்பதும், வெள்ளத்தால் வீட்டைவிட்டு வெளியேற நேர்வதும் இங்கும் நிகழக்கூடியவை. உயர்மாடிக் கட்டடங்களில் மின்சாரம் நின்றால் மின்தூக்கி நிற்கும். நீரை மேலேற்றும் இயந்திரமும் நின்றால் குழாயில் நீர் வராமற்போகலாம்.

தொலைபேசியைப் பற்றியும் கவனம் வேண்டும். பழைய செப்புக்கம்பிச் சேவை 2027 ஜனவரியோடு முடிவுறத் திட்டமிடப்பட்டுள்ளது. அதன் இடத்தில் வரும் இணையவழித் தொலைபேசி, வீட்டில் மின்சாரம் இல்லாதபோது தானாக இயங்காது. கைத்தொலைபேசி இல்லாமல் தனித்து வாழும் முதியவர் 999ஐ அழைக்க முடியாத நிலை இதனால் ஏற்படலாம். வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்பவர்கள், மின்தடையிலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு எடுக்க உதவும் ஏற்பாட்டைத் தமது தொலைபேசி நிறுவனத்திடம் இலவசமாகக் கோரலாம்.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை

- குடிநீர்: ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 2.5 முதல் 3 லீற்றர். சமையலுக்கும் சுத்தத்துக்கும் சேர்த்து 10 லீற்றர் இருந்தால் வசதி.
- பற்றறியிலோ கையால் சுற்றியோ இயங்கும் ரோர்ச் லைற்றும் வானொலியும், மேலதிக பற்றறிகள்.
- மின்னேற்றிய பவர் பாங்க்.
- சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு. தகரப்பேணியில் அடைத்த உணவாயின் அதைத் திறக்கும் கருவியும் வேண்டும்.
- முதலுதவிப் பெட்டி, கைசுத்திகரிப்பான், குழந்தை இருப்பின் பால்மாவும் அணையாடையும்.
- சிறிதளவு காசு.
- கடவுச்சீட்டு, குடிவரவு ஆவணம், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகள், நீர் புகாத உறையில்.

இவற்றை ஒரே நாளில் வாங்கிக் குவிக்க வேண்டாம். வாராந்தக் கொள்வனவில் ஒன்றிரண்டாகச் சேர்த்தால் செலவும் தெரியாது. கடையில் பிறருக்கும் பொருள் மிஞ்சும்.

மருந்தைத் தீரும்வரை காத்திராது, உரிய காலத்தில் மீள்கோரிக்கை செய்யுங்கள். இன்சுலின் போன்று குளிரூட்டியில் வைக்கும் மருந்தை மின்தடையில் எவ்வாறு பேணுவது என்று மருந்தாளரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும் பழக்கமானவையாயினும், சிறிய வீட்டில் அவை தீவிபத்துக்குக் காரணமாகலாம். ரோர்ச் லைற்றே பாதுகாப்பானது. கரியடுப்பையும் முகாம் அடுப்பையும் வீட்டுக்குள் ஒருபோதும் மூட்ட வேண்டாம். அவற்றிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டு வாயுவுக்கு மணமில்லை. அது உயிரைப் பறிக்கும்.

முன்னுரிமைச் சேவைப் பதிவேடு

மின்சார, எரிவாயு, நீர் நிறுவனங்கள் இப்பதிவேட்டை இலவசமாகப் பேணுகின்றன. ஓய்வூதிய வயதினர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளவர்கள், மாற்றுத்திறனாளிகள், நாட்பட்ட நோயாளர்கள், மின்சாரத்தால் இயங்கும் மருத்துவக் கருவியை நம்பியிருப்பவர்கள் ஆகியோர் பெயர் பதியலாம். ஆங்கிலம் சரளமாகப் பேசவோ வாசிக்கவோ இயலாதோரும் பதியலாம் என்பதைப் பலர் அறியார். பதிந்தவர்களுக்குத் திட்டமிட்ட மின்தடை பற்றி முன்னறிவித்தல் கிடைக்கும். எதிர்பாராத தடையின்போது மேலதிக உதவியும் கிடைக்கலாம். உங்கள் கட்டணச் சீட்டிலுள்ள நிறுவனத்தை அழைத்துப் பதிவைக் கோருங்கள். வீடு மாறினால் மீண்டும் பதிய வேண்டும்.

யாரை அழைப்பது

மின்சாரம் நின்றால்: 105 (இலவசம்). உயிராபத்து, தீ, குற்றச்செயல்: 999. அவசரமற்ற மருத்துவ ஆலோசனை: 111, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாயின் "தமிழ்" என்று கூறிக் கேட்கலாம்.

இவ்விலக்கங்களைக் கடதாசியில் எழுதி, வெளிச்சம் குன்றினும் கண்ணிற்படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். அருகில் தனித்து வாழும் முதியவர் இருப்பின், அவர் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளாரா என்று கேட்டு, பதியாதிருந்தால் அவருக்காகத் தொலைபேசியில் பேசி உதவுங்கள்.