எடை குறைந்தபின் மார்பகச் சீரமைப்பு

உடல் எடை பெருமளவு குறைந்தபின் மார்பகம் தளர்வது இயல்பே. விரிந்த தோல் முழுமையாகச் சுருங்குவதில்லை. மார்பகத்தினுள் தசை இல்லாமையால் உடற்பயிற்சியும் அதனை உயர்த்தாது. மடிப்பில் ஆறாத புண், தோள்வலி, கழுத்துவலி இருப்பின் கூச்சமின்றிக் கூறுங்கள். இது வெறும் அழகு பற்றிய ஆசையன்று. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018இல் மார்பகச் சீரமைப்புக்கென இலவசச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது.

எடை 6 மாதமேனும் நிலைத்த பின்னரே அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம். இரத்தசோகையும் புரதக் குறைவும் காயம் ஆறுவதைத் தாமதிக்கும். ஆதலின் அவற்றை முதலில் சரிசெய்கிறோம். தழும்பு நிலைக்கும், காம்பின் உணர்வும் பாலூட்டலும் குறையக்கூடும். குழந்தை பெற எண்ணுவோர் முன்னரே தெரிவியுங்கள்.

பெரும்பாறைக் காப்பித் தோட்டங்களில் உழைப்போர் சிகிச்சைக்குப்பின் சுமார் 6 வாரம் மூட்டை சுமக்கலாகாது. அச்சுமையை வீட்டார் ஏற்பதும் சிகிச்சையின் பகுதியே.