மாணவரின் பெட்டியும் காலியாகக் கிடக்கும் ஸ்டோரும்

"நானா, லீவு முடிஞ்சி வரும் வரைக்கும் இந்த ரெண்டு பெட்டியையும் ஒங்கட கடைல வெக்க ஏலுமா?"

தெமட்டகொடை, மருதானை, பொரளைப் பகுதிகளில் கடை வைத்திருப்போருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கல்முனையிலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ படிக்க வந்த பிள்ளை, அறையை விட்டுவிட்டு ஊருக்குப் போகின்றது. இரவு பஸ்ஸில் ஒரு பையை மடியில் வைத்துக்கொள்ளலாம். புத்தகக் கட்டு, மின்விசிறி, ரைஸ் குக்கர், மெத்தை எல்லாவற்றையும் எங்கே வைப்பது? "சரி மகன், பின்பக்கம் வெச்சிட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொல்லிவிடுகின்றார். காசு வாங்குவதில்லை. வாங்கலாம் என்று தோன்றுவதுமில்லை.

தெரிந்த பிள்ளையின் இரண்டு பெட்டிக்குக் காசு கேளுங்கள் என்று சொல்வது எமது நோக்கமல்ல. ஆனால் தெரியாத ஐம்பது பிள்ளைகளுக்கும் இதே தேவை இருக்கின்றது. அவர்கள் யாரிடம் போவார்கள்? சில நாடுகளில் இதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்திருக்கின்றது. செல்ப் ஸ்டோரேஜ் என்பார்கள். கட்டடத்தைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து மாத வாடகைக்குக் கொடுப்பது. பூட்டும் திறப்பும் வாடிக்கையாளரிடமே இருக்கும். அறைக்குச் சொந்தக்காரர் இடத்தை மட்டும் விற்கின்றார்.

அமெரிக்காவின் பப்ளிக் ஸ்டோரேஜ் கம்பனி 1972இல் கலிபோர்னியாவின் எல் கஹோன் என்ற ஊரில் ஒரேயொரு கட்டடத்துடன் ஆரம்பமானது. அதன் ஸ்தாபகர்களின் முதல் எண்ணம் களஞ்சியம் நடத்துவதல்ல. காணியின் விலை ஏறும் வரை அதிலிருந்து ஏதாவது வருமானம் வரட்டும் என்பதுதான். பிறகு பார்த்தால் காணியை விடக் களஞ்சியமே நல்ல வியாபாரமாக இருந்தது. சும்மா கிடக்கும் இடத்தை வைத்திருக்கும் எவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

மாணவர் விடயத்தில் பிரித்தானியாவின் அனுபவம் எமக்குக் கூடுதலாகப் பயன்படும். 1998இல் ஸ்தாபிக்கப்பட்ட பிக் யெலோ என்ற கம்பனி, பிரதான வீதியோரங்களில் கட்டடங்களைப் பிடித்து மஞ்சள் நிறம் பூசியது. கட்டடமே விளம்பரப் பலகையாகிவிட்டது. கோடை விடுமுறையில் விடுதியை விடும் மாணவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓர் அறையை எடுப்பார்கள். மாணவருக்கென்று விலைக்கழிவும் உண்டு. ஆனால் செப்டெம்பர், ஒக்டோபர் வந்ததும் மாணவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் காலாண்டில் அறைகள் காலியாவதை அக்கம்பனி தனது அறிக்கைகளில் வழக்கமாகவே குறிப்பிடுகின்றது.

ஆகவே மாணவரை மட்டும் நம்பிப் புதுக் கட்டடம் எழுப்புவது புத்திசாலித்தனமல்ல. கடன் எடுத்து எழுப்புவது அதனிலும் மோசம். ஏற்கனவே உள்ள ஸ்டோரின் மேல்மாடி, சாமான் குறைந்த மாதங்களில் வெறுமையாகக் கிடக்கும் பின்னறை, இவற்றுக்குத்தான் இந்த வியாபாரம் பொருந்தும்.

எமக்கு ஒரு வசதியும் இருக்கின்றது. பிரித்தானியாவில் எல்லோரும் ஒரே பருவத்தில் போய் ஒரே பருவத்தில் வருவார்கள். இங்கே அப்படியில்லை. ஒரு பீடத்தின் பரீட்சை முடியும்போது இன்னொரு பீடத்தில் விரிவுரை நடந்துகொண்டிருக்கும். வேலைநிறுத்தம், பிற்போடல் என்று கலண்டர் அடிக்கடி மாறும். மாணவருக்கு அது தலைவலி. களஞ்சியம் வைத்திருப்பவருக்கோ ஒரே அறை வருடத்தில் இரண்டு மூன்று முறை நிரம்ப வாய்ப்பு.

தெமட்டகொடையின் அமைவிடத்தையும் பாருங்கள். கிரிபத்கொடையிலிருந்து வரும் 154ஆம் இலக்க பஸ் தெமட்டகொடை, பொரளை, தும்முல்லை வழியாகப் பம்பலப்பிட்டிக்குப் போகின்றது. ஒரு பக்கம் களனிப் பல்கலைக்கழகம், மறுபக்கம் கொழும்புப் பல்கலைக்கழகம். கின்ஸி வீதி மருத்துவ பீடமும் அருகில்தான். புதுக்கடைச் சட்டக் கல்லூரியும் தூரமில்லை.

2020 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்த்தால் இந்தத் தேவையின் கனம் விளங்கும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 10ஆம் திகதி அறிவித்தல் கொடுத்து, 15ஆம் திகதிக்குள் விடுதிகளைக் காலி செய்யச் சொன்னது. இங்கும் அந்த மாத நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்கள் இரண்டு வாரத்துக்கு என்று மூடப்பட்டன. 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு. இரண்டு வாரம்தானே என்று கைப்பையுடன் ஊர் போன பிள்ளைகளின் சாமான்கள் மாதக்கணக்கில் அறைகளிலேயே கிடந்தன. படுக்காத கட்டிலுக்கு வாடகை கட்டிய தகப்பன்மார் எத்தனை பேர்!

விற்கும் முறைக்கு வருவோம். மாணவரிடம் சதுர அடிக் கணக்குப் பேசக்கூடாது. அவருக்குத் தெரிந்தது பெட்டிக் கணக்கு. அமெரிக்காவில் யூ-ஹோல் கம்பனி கொலேஜ் பொக்சஸ் என்ற பெயரில் நடத்தும் சேவையில் வெற்றுப் பெட்டியைக் கொடுப்பது, நிரப்பியதை எடுத்துச் செல்வது, வைத்திருப்பது, தவணை தொடங்கும்போது திருப்பிக் கொடுப்பது எல்லாம் சேர்ந்தே விற்கப்படுகின்றன. மாணவருக்குப் பெரிய கஷ்டம் இடம் தேடுவதல்ல, மூன்றாம் மாடியிலிருந்து சாமானை இறக்கிக் கொண்டுவருவதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அடிக்கு 20 அடி அறை. நடைபாதைக்கு மூன்றில் ஒரு பங்கை விட்டால் சுமார் 130 சதுர அடி மிஞ்சும். ஒன்றரை அடிச் சதுரப் பெட்டியை நான்கு நான்காக அடுக்கினால் 57 அடுக்குகள். ஓர் அடுக்கு ஒரு மாணவருக்கு. ஒருவருடையதை எடுக்க இன்னொருவருடையதை நகர்த்த வேண்டியதில்லை. பெட்டிக்கு மாதம் 400 ரூபா என்று வைத்துக்கொண்டால் ஒரு மாணவர் கொடுப்பது 1,600 ரூபா. அறையை வெறுமனே பிடித்து வைத்திருக்கக் கொடுக்கும் வாடகையுடன் அவர் இதை ஒப்பிட்டுப் பார்ப்பார். பாதி அறை நிரம்பினாலே மாதம் 45,000 ரூபா வரும். இதில் பட்டா லொறிக் கூலியும் ஒரு பையனின் சம்பளமும் போகும். உங்கள் பகுதி வாடகைக்கு ஏற்ப இந்த எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். புத்தகப் பெட்டி எப்போதும் அடியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவை நசுங்கும்.

விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். மாணவர் முடிவெடுப்பது பரீட்சைக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில். அதற்கு முன் சொன்னால் மறந்துவிடுவார், பின் சொன்னால் பஸ் ஏறியிருப்பார். அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்கள், போட்டோகொப்பிக் கடை, பீடத்தின் வட்ஸ்அப் குழு, இவை போதும். ஒவ்வொரு பீடத்திலும் நம்பிக்கையான ஒரு மாணவரைப் பிடித்து, அவர் கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் சிறு கமிஷன் கொடுக்கலாம். இன்னொன்று, காசு கட்டுபவர் பெரும்பாலும் ஊரிலிருக்கும் தகப்பன். பற்றுச்சீட்டை அவருடைய தொலைபேசிக்கும் படமெடுத்து அனுப்புங்கள். அவர் திருப்திப்பட்டால் தம்பியும் தங்கையும் அடுத்த வருடம் உங்களிடமே வருவார்கள்.

இனிச் சங்கடமான விடயம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி தெமட்டகொடை வீடொன்றில் நடந்த குண்டுவெடிப்பில் பொலிஸார் மூவர் உயிரிழந்தனர். அதன் பின்னர் நடந்த தேடுதல்களை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. முன்பின் தெரியாதவரின் மூடிய பெட்டியை எமது ஸ்டோரில் வைப்பதென்றால் முழு ஒழுங்குடன்தான் வைக்க வேண்டும். அடையாள அட்டையினதும் மாணவர் அட்டையினதும் பிரதிகள் வேண்டும். பெட்டியை உங்கள் முன்னிலையிலேயே திறந்து காட்டி, பட்டியல் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பின் டேப் ஒட்ட வேண்டும். வெளிநாடுகளில் திறப்பை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு உள்ளே என்ன என்று பார்க்காமல் இருக்கலாம். இங்கே அந்தப் பகுதியை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பது எனது அபிப்பிராயம். நேர்மையான மாணவர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

வெள்ளமும் ஒரு பயம். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கியது நினைவிருக்கும். கீழ்த்தளத்தில் மாணவரின் குறிப்புப் புத்தகங்களை வைக்காதீர்கள். மேல்மாடியிலும் தரையில் பலகை போட்டே அடுக்குங்கள். உணவுப் பொருள் ஒரு பிஸ்கட் பக்கட் என்றாலும் வேண்டாம், எலி வரும். கேஸ் சிலிண்டர், சான்றிதழ்களின் மூலப்பிரதி, நகை, காசு எதையும் ஏற்காதீர்கள். கடைக்கு எடுத்த தீக்காப்புறுதி பிறருடைய பொருளுக்கும் செல்லுமா என்று கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். பொதுவாக அதைத் தனியாகக் குறிப்பிட்டால்தான் செல்லும். அமானிதமாக வாங்கிய பொருள் எரிந்தபின் பத்திரத்தைப் புரட்டிப் பயனில்லை.

திரும்பி வராத பெட்டிகளும் சில இருக்கும். படிப்பை விட்டவர், வெளிநாடு போனவர் என்று. எத்தனை மாதம் காத்திருப்பது, அதன் பின் வீட்டுக்கு அறிவித்து என்ன செய்வது என்பதை ஆரம்பத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

முதல் வருடம் பத்துப் பிள்ளைகள் போதும். பெட்டியை எடுக்க வரும் அன்று அடுத்த பரீட்சை எந்த மாதம் என்று அவர்களிடமே கேட்டு, கடைக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.