குளிர்காலத் தண்ணீர்க் கணக்கு

மார்கழிப் பனியில் கடக்வாஸ்லா ஏரி ததும்பி நிற்பதைப் பார்த்தால், புனேக்குத் தண்ணீர்ப் பஞ்சமா என்று தோன்றும். ரயில்வேயில் பணியாற்றிய எனக்கு நிலையத்து மேல்நிலைத் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது. தொட்டி நிறைந்திருக்கும், கிணறு வற்றிக்கொண்டிருக்கும்.

இந்த அணையின் கொள்ளளவு 1.97 டி.எம்.சி.தான். மேலேயுள்ள பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் அணைகளையும் சேர்த்தால் சுமார் 29. அங்கிருந்து திறந்துவிடுவதால்தான் கீழே ஏரி நிறைந்தே தெரிகிறது. இந்த இருப்பு ஜூலை நடுப்பகுதி வரை வரவேண்டும். தவுண்ட், இந்தாப்பூர் விவசாயிகளும் ரபி பயிருக்கு இதே நீரைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

நம் வார்டு நகரசேவகர் சங்கராந்தி மஞ்சள்குங்கும விழாவில் எள்ளுருண்டையோடு குழாய்ப் புகார்களையும் வாங்கிக்கொள்வார். ஆனால் அணை நீரைப் பங்கிடுவது அவர் கையில் இல்லை; அமைச்சர் தலைமையில் கூடும் கால்வாய் ஆலோசனைக் குழுவே முடிவு செய்கிறது. தெருக்குழாய், சாக்கடை, விளக்கு ஆகியவையே அவர் முன்நின்று மாநகராட்சியிடம் கேட்டுவாங்கக்கூடியவை.

2021-இல் கடக்வாஸ்லா கிராமமும் மாநகராட்சியில் சேர்ந்தது. பங்காளிகள் பெருகினர், அணை பெருகவில்லை. ஆகவே அன்பர்களே, அவரைக் காணும்போது கூடுதல் நீர் கேட்குமுன், உங்கள் தெருவில் ஒழுகும் குழாயைச் சொல்லுங்கள். மே மாதத்துக்கான சேமிப்பு தையிலேயே தொடங்க வேண்டும்.